கண்மாய்த் துளிக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து?

ஒரு கார்த்திகை மாதக் காலையில் மதுரை வண்டியூர்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சின்னப் பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, மீன் குஞ்சா?”

“இல்லண்ணே, தண்ணிப் பூச்சி. போட்டோ எடுக்கணும்.”

பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உடம்பைக் கொஞ்சம் திருப்பி, பின்னால் சீமைக்கருவேலம் மரத்தின் கறுத்த நிழல் வரும்படி பாட்டிலைப் பிடித்தார். வெயில் இப்போது பக்கவாட்டிலிருந்து விழுந்தது. “அட, இந்தா ஓடுதே!” என்றார். பாட்டிலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மைக்ராஸ்கோப்பில் நீர்வாழ் நுண்ணுயிர்களைப் படமெடுக்கும் கலையில் பாதியை அவர் அந்த நேரத்திலேயே செய்து காட்டிவிட்டார். உயிர் அதேதான், தண்ணீரும் வெயிலும் அதேதான். வெளிச்சம் வரும் பக்கமும் பின்னணியும் மட்டும்தான் மாறின. ஆனால் நுண்ணோக்கி வாங்க நினைப்பவர்களிடம் பேசினால் எல்லாரும் முதலில் கேட்பது “எத்தனை எக்ஸ்?” என்பதைத்தான். ஆயிரம் மடங்கு பெருக்கினாலும், கண்ணாடி போன்ற உடம்பு கண்ணாடி போன்ற தண்ணீரில் கிடந்தால் பெரிய வெறுமைதான் தெரியும். ஸ்லைடு வைக்கும் மேடைக்கு மேலே இருக்கும் லென்ஸுக்குக் கொடுக்கும் மரியாதையை மேடைக்குக் கீழே இருக்கும் விளக்குக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் பெரும்பாலும் காசும் தேவையில்லை.

கண்மாய்த் துளியில் இருப்பவற்றின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33. உயிரணுவின் உள்ளே இருக்கும் திரவத்துக்கு அதைவிடச் சற்றே கூட, சுமார் 1.36. வித்தியாசம் அவ்வளவுதான். நிறமும் பெரும்பாலும் கிடையாது. பச்சையம் உள்ள பாசிகளையும், குடலில் பாசி நிரம்பிய மொய்னா என்ற சின்னத் தண்ணீர்ப் பூச்சியையும் விட்டுவிட்டால், மற்ற பெரும்பாலானவை ஒளியை விழுங்குவதே இல்லை. அது அப்படியே ஊடுருவிப் போய்விடும். கண்ணும் கேமராவும் பிரகாச வேறுபாட்டையும் நிற வேறுபாட்டையும் மட்டுமே அறியும். இரண்டும் இல்லாத இடத்தில் அவற்றை உண்டாக்கித் தருவதுதான் ஒளியூட்டும் முறைகளின் வேலை.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கக் கண் ஆஸ்பத்திரியை விட நல்ல உதாரணம் இல்லை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. அப்பாவையோ அம்மாவையோ கண்புரை பார்க்கக் கூட்டிப்போகாத குடும்பம் இங்கே குறைவு. அரை இருட்டு அறை, தாடையை வைக்க ஒரு தாங்கி, எதிரே டாக்டர் இரண்டு கண்ணும் பதித்துப் பார்க்கும் கருவி. அதன் பெயர் ஸ்லிட் லாம்ப். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1911-இல் அறிமுகப்படுத்தியது. ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் சாய்வாக அனுப்பி, வேறு கோணத்திலிருந்து பார்ப்பார்கள். கருவிழியும் லென்ஸும் தெளிந்த பொருள்கள். நேராக விளக்கடித்தால் அவற்றின் அடுக்குகள் தெரியாது. சாய்ந்த கீற்று விழுந்தால், வெட்டி வைத்த பழத்தைப் போல அடுக்கடுக்காகத் தெரியும். இதே கருவியில் இன்னொரு வித்தையும் உண்டு. ஒளியைக் கண்ணின் பாப்பா வழியாக நேராக உள்ளே விட்டு, விழித்திரையில் பட்டுத் திரும்பும் செந்நிற வெளிச்சத்தின் முன்னால் புரையைப் பார்ப்பது. அப்போது புரை கறுப்பு நிழலாகத் தெரியும். ஒரே கண், ஒரே புரை. பக்கவாட்டு ஒளியில் வெள்ளை, பின்னொளியில் கறுப்பு. நுண்ணோக்கியில் நாம் செய்யப்போவதும் இதைத்தான்.

முதலில் பின்னொளி. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் எல்லாரும் பார்த்த முறை. விளக்கு கீழே, ஸ்லைடு நடுவில், கண் மேலே. வெள்ளைப் பின்னணியில் உயிரினம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பிரைட் ஃபீல்டு என்பார்கள். இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு கண்டென்சரில் நடக்கிறது. மேடைக்கு அடியில் ஒளியைக் குவித்துத் தரும் அந்த லென்ஸுக்குக் கீழே கண்ணின் பாப்பா போலச் சுருங்கி விரியும் ஒரு துவாரம் இருக்கும். அதைச் சுருக்கினால் உயிரினத்தின் விளிம்புகள் கறுத்து ‘நன்றாக’த் தெரிவது போல் இருக்கும். அதனால் எல்லாரும் சுருக்கிவிடுவார்கள். ஆனால் விளிம்பைச் சுற்றி, உண்மையில் இல்லாத கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தோன்றும், நுணுக்கமும் போய்விடும். ஒரு நுண்ணோக்கி எவ்வளவு சிறிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதை ஒளி எவ்வளவு அகலமான கோணத்தில் வந்து போகிறது என்பதே தீர்மானிக்கிறது என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். துவாரத்தைச் சுருக்குவது அந்தக் கோணத்தைச் சுருக்குவது. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்தால் ஓர் ஒளிவட்டம் தெரியும். அந்த வட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிறையும் அளவுக்குத் துவாரத்தைத் திறந்து வைத்தால் போதும்.

ஜெர்மனியின் ஆகஸ்ட் கோலர் 1893-இல் வெளியிட்ட ஒளியமைப்பு இன்றைக்கும் நல்ல நுண்ணோக்கிகளின் அடிப்படை. அவர் காலத்து விளக்குகளின் சுடரும், பிறகு வந்த பல்பின் சுருளும் படத்தில் விழாமல், புலம் முழுக்க வெளிச்சம் ஒரே சீராகப் பரவும்படி லென்ஸுகளை வைக்கும் முறை அது. ஹரியானாவின் அம்பாலாவில் செய்து வரும் மாணவர் நுண்ணோக்கிகள் பலவற்றில் அந்த முழு ஏற்பாடு இருக்காது. பரவாயில்லை. எல்.இ.டி.க்கு மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை வைத்தால் சீரான வெளிச்சத்துக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடலாம்.

சரி, செலவே இல்லாத முதல் வித்தை. 10 எக்ஸ் பொருளருகு லென்ஸில் ஒரு சக்கர உயிரியை (ரோட்டிஃபர்) பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆள்காட்டி விரலைக் கண்டென்சருக்கு அடியில் மெதுவாக நுழையுங்கள். ஒளியின் ஒரு பாதி மறையும்போது படம் சட்டென்று மாறும். தட்டையாக இருந்த உயிரினத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் வந்து, மாலை வெயிலில் யானைமலையைப் பார்ப்பது போல மடிப்பு நெளிவுகளோடு எழுந்து நிற்கும். இதுதான் சாய்வொளி. உச்சி வெயிலில் யானைமலை ஒரு சாம்பல் நிறத் தட்டை. ஐந்து மணி வெயிலில்தான் அதன் மடிப்புகள் தெரியும். காரணம் ஒன்றேதான். விரலுக்குப் பதிலாகக் கறுப்பு அட்டையில் பிறை வடிவில் ஒரு திறப்பு வெட்டி, கண்டென்சருக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் வளையத்தில் வைத்துவிட்டால் கை சும்மா இருக்கும், படமெடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சாய்வொளியில் தெரியும் மேடு பள்ளம் உண்மையான மேடு பள்ளம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் குழி குன்றாகவும் குன்று குழியாகவும் தோன்றும்.

இனி தூண்டில்காரர் செய்த வித்தை, டார்க் ஃபீல்டு. தமிழில் இருட்புலம் என்று சொல்லலாம். ஓட்டு வீட்டின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கும்போது, அந்தக் கற்றைக்குள் தூசி மினுமினுத்து மிதப்பதைப் பார்த்திருப்போம். கற்றை நம் கண்ணுக்குள் நேராக வரவில்லை, தூசியில் பட்டுச் சிதறிய ஒளிதான் வருகிறது. பின்னால் அறை இருட்டு. அதனால்தான் கண்ணுக்கே அகப்படாத தூசிகூட ஒளிர்கிறது. நுண்ணோக்கியில் இதைச் செய்ய, கண்டென்சருக்குக் கீழே நடுவில் ஒரு கறுப்பு வட்டத்தை வைக்கிறோம். நடு ஒளி அடைபடும். ஓரத்தில் வரும் ஒளி மட்டும் உள்ளே வெற்றிடமான கூம்பு போல ஸ்லைடில் குவிந்து, பொருளருகு லென்ஸுக்கு வெளியே விரிந்து போய்விடும். ஸ்லைடில் ஒன்றும் இல்லாவிட்டால் முழு இருட்டு. ஓர் உயிரினம் குறுக்கே வந்தால், அதன் விளிம்பிலும் உள்ளுறுப்புகளிலும் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் லென்ஸுக்குள் நுழையும்.

அந்தக் கறுப்பு வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். 10 எக்ஸ் லென்ஸைப் போட்டு, ஸ்லைடில் குவியம் வைத்துக்கொள்ளுங்கள். ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். கண்டென்சர் துவாரத்தை மெதுவாகச் சுருக்கிக்கொண்டே வந்தால், அதன் விளிம்பு ஒளிவட்டத்தின் ஓரத்தைத் தொடும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, கண்டென்சருக்கு அடியிலிருந்து துவாரத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அதைவிட ஒரு நூல் அளவு பெரிதாகக் கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டி, ஒளி புகும் பிளாஸ்டிக் தாளின் நடுவில் ஒட்டி ஃபில்டர் வளையத்தில் வையுங்கள். துவாரத்தை முழுக்கத் திறந்துவிடுங்கள். அவ்வளவுதான். வட்டம் நடுவில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துத் தெரியும், நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். 40 எக்ஸ் லென்ஸுக்கு இன்னும் பெரிய வட்டம் வேண்டும். அந்த லென்ஸின் ஒளியேற்புக் கோணம் அகலம் என்பதால் ஓரத்தில் மிஞ்சும் வளையம் மிகக் குறுகலாகிவிடும், படம் மங்கும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 எக்ஸ் லென்ஸுக்கு இந்தக் காகித வித்தை செல்லாது. அதற்கென்றே தனிக் கண்டென்சர் வேண்டும்.

முதல் தடவை இருட்புலத்தில் வால்வாக்ஸ் என்ற பச்சைப் பாசியின் கோளம் ஒன்று உருண்டு வந்ததை நான் மறக்க மாட்டேன். பின்னொளியில் வெளிறிய பச்சைப் புள்ளிகள் பதித்த உருண்டை. இருட்புலத்தில் ஒவ்வொரு உயிரணுவும் தனித்தனிப் பச்சை விளக்காக எரிய, உள்ளே சேய்க் கோளங்கள் இன்னும் அடர்ந்த பச்சையில் சுழன்றுகொண்டிருந்தன. ஒளி ஒரு பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தால் வால்வாக்ஸும் அந்தப் பக்கமே உருளும். படம் எடுப்பவரின் விளக்கு அதற்கும் ஒரு செய்தி. சக்கர உயிரியில் வாயைச் சுற்றிச் சுழலும் மயிரிழைகள் இந்த முறையில்தான் எனக்கு முதன்முதலில் தெளிவாகத் தெரிந்தன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் இருந்த லேவன்ஹூக் 1674-இல் ஏரித் தண்ணீரில் நுண்ணுயிர்களைக் கண்டதாக எழுதினார். மிகச் சிறியவற்றைப் பார்க்கும் தன் முறையை மட்டும் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. ஒற்றை லென்ஸ் வைத்து அவர் அவ்வளவு கண்டதற்கு ஏதோ ஒரு வகை இருட்புல ஒளி காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது.

இருட்புலத்துக்கு இரண்டு கஷ்டங்கள். ஒன்று அழுக்கு. கைரேகை, துணி நூல், மதுரைக் காற்றின் புழுதி எல்லாம் நட்சத்திரமாக மின்னும். ஸ்லைடையும், துளியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பையும் சோப்பில் கழுவி, ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். இரண்டாவது, கேமராவின் தானியங்கி அளவீடு. படத்தில் பெரும்பகுதி கறுப்பு என்பதால், ‘வெளிச்சம் போதவில்லை’ என்று கேமரா தப்பாக நினைத்துத் தூக்கிக் காட்டும். உயிரினம் வெளுத்து விவரம் இல்லாமல் போகும். கேமராவில் வெளிச்ச அளவை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைத்து வைக்க வேண்டும். போனில் என்றால் உயிரினத்தின் மேல் தொட்டு, வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்துவிட வேண்டும்.

கறுப்பு வட்டத்துக்குப் பதில் நீலத் தாளில் வட்டமும், அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் வைத்தால்? பின்னணி நீலமாகவும் உயிரினம் மஞ்சளாகவும் தெரியும். ஜூலியஸ் ரைன்பெர்க் 1896-இல் கண்டுபிடித்துச் சொன்ன முறை. பார்க்க மிக அழகு. நாடக மேடை விளக்குக்குப் போடும் நிறத்தாளில் செய்துவிடலாம். ஆனால் நிறம் எல்லாம் நாம் கொடுத்தது. உயிரினத்தை அடையாளம் காண வேண்டிய படத்துக்கு இதை நான் பயன்படுத்த மாட்டேன். ஆக்ஸிஜன் குறைந்த தேங்கிய தண்ணீரில் மொய்னாவும் அதன் உறவான டாஃப்னியாவும் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டு லேசாகச் சிவக்கும். அந்தச் சிவப்பு அந்தத் தண்ணீரைப் பற்றிய ஒரு தகவல். நீல மஞ்சள் விளக்கில் அது காணாமல் போய்விடும்.

துருவ ஒளி, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி, வேறு மாதிரி. பழுதான கால்குலேட்டரின் திரையில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாளைப் பிரித்தெடுத்தாலே அது ஒரு துருவத் தகடு. ஒன்றை விளக்குக்கு மேலேயும் இன்னொன்றை ஸ்லைடுக்கு மேலே எங்காவதும் வைத்து, ஒன்றைச் சுழற்றினால் ஒரு நிலையில் புலம் முழுக்க இருட்டாகும். இப்போது வைகைப் படுகையின் ஈர மணலைக் கழுவி எடுத்த ஒரு துளியை வையுங்கள். நுண்மணல் துகள்கள் இருட்டில் வெள்ளை, மஞ்சள், நீலம் என்று எரியும். அவற்றுக்கு நடுவே கிடக்கும் டயட்டம்களை (ஓடு கொண்ட ஒற்றை உயிரணுப் பாசிகள்) தேடினால் தெரியாது. துருவத் தகட்டைச் சுழற்றிப் புலத்தை வெளுக்க வைத்தால் அதே இடத்தில் படகு படகாகக் கிடக்கும். மணல் குவார்ட்ஸ், டயட்டத்தின் ஓடும் சிலிக்கா. இரண்டும் ஒரே வேதிப்பொருளின் வழி வந்தவை. ஆனால் குவார்ட்ஸில் அணுக்கள் படிக ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றன, டயட்டத்தின் ஓட்டில் அந்த ஒழுங்கு கிடையாது. துருவ ஒளி அந்த உள் ஒழுங்கைத்தான் காட்டிக்கொடுக்கிறது. சைக்லாப்ஸ் என்ற ஒற்றைக்கண் தண்ணீர்ப் பூச்சியின் தசைநார்களும் இந்த ஒளியில் கோடு கோடாக ஒளிரும்.

சைக்லாப்ஸ் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்ன காலம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நரம்புச் சிலந்தி நோயின் புழு தன் இளம்பருவத்தைச் சைக்லாப்ஸின் உடம்புக்குள்தான் கழிக்கிறது. சைக்லாப்ஸைத் தண்ணீரோடு விழுங்கியவருக்கு நோய். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நாடு விடுபட்டதாகச் சான்று தந்தது. சைக்லாப்ஸ் இன்றும் கண்மாயில் இருக்கிறது, புழு இல்லை. நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண்ணோடும், பெண்ணாக இருந்தால் வாலின் இரு பக்கமும் முட்டைப் பைகளோடும் அது நீந்தி வரும்போது எனக்கு அந்த வடிகட்டும் துணிதான் நினைவுக்கு வரும்.

விலையுயர்ந்த இரண்டு முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெளிந்த உடம்பைக் கடக்கும் ஒளி மங்குவதில்லை, ஆனால் சற்றுத் தாமதமாகிறது. பக்கத்துத் தண்ணீரைக் கடந்த அலையோடு ஒப்பிட்டால் ஒரு சிறு பங்கு பின்தங்கி வரும். கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது. நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் ஜெர்னிகே, ஒரு வளைய ஒளியையும் லென்ஸுக்குள் ஒரு வளையத் தகட்டையும் சேர்த்து, அந்தத் தாமதத்தைப் பிரகாச வேறுபாடாக மாற்றினார். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்று பெயர், 1953-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அமீபா, பாக்டீரியா போன்ற மெல்லியவற்றுக்கு இது அருமை. தடித்த மொய்னாவை இதில் வைத்தால் உடம்பைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் படர்ந்து குழப்பும். 1950-களில் ஜார்ஜ் நொமார்ஸ்கி உருவாக்கிய முறையில் பட்டகங்களும் துருவத் தகடுகளும் வேலை செய்து, செதுக்கிய சிலை போன்ற படம் தரும். அதன் விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கே துருவ ஒளியைக் குழப்பிவிடும், கண்ணாடி ஸ்லைடுதான் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் யாராவது பார்க்க இடம் கொடுத்தால் கட்டாயம் ஒரு தடவை பாருங்கள். இல்லையென்று வருந்த வேண்டாம், விரல் வைத்த சாய்வொளி அதன் தோற்றத்துக்கு ஆச்சரியமாகப் பக்கத்தில் வரும்.

ஒளி எந்தப் பக்கம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்ததுதான் படம். பாரமீசியம் நொடிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீந்தும். கேட்க அற்பமாக இருக்கும். 1/60 நொடி ஷட்டரில் அது சுமார் 17 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்ந்துவிடும். 10 எக்ஸ் லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடியதோ ஒன்றேகால் மைக்ரான் அளவு விவரத்தை. ஆக அந்தப் படத்தில் லென்ஸின் திறமை பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 1/1000 நொடி வைத்தால் நகர்வு 1 மைக்ரானுக்கு இறங்கும். ஆனால் மாணவர் நுண்ணோக்கியின் விளக்குக்கு அவ்வளவு வெளிச்சம் இருக்காது. இருட்புலத்தில் நிச்சயம் இருக்காது.

இங்கேதான் கேமரா ஃபிளாஷ் வருகிறது. கல்யாண போட்டோகிராபர்கள் கழித்துப்போட்ட பழைய ஃபிளாஷ் ஒன்று போதும். மேனுவலில் 1/64, 1/128 என்று சக்தியைக் குறைத்து வைத்தால் அது மின்னும் நேரமும் குறைந்து 1/20,000 நொடி அளவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் பாரமீசியம் 0.05 மைக்ரான்தான் நகரும். நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். குவியம் பார்க்க எல்.இ.டி. தொடர்ந்து எரிய வேண்டும், படத்துக்கு ஃபிளாஷ் மின்ன வேண்டும். இரண்டையும் ஒரே பாதையில் அனுப்ப, கண்டென்சருக்குக் கீழே ஒரு கவர் ஸ்லிப்பையோ மெல்லிய கண்ணாடித் துண்டையோ 45 டிகிரி சாய்த்து வைப்பார்கள். எல்.இ.டி. ஒளி கீழேயிருந்து கண்ணாடியை ஊடுருவிப் போகும், பக்கத்தில் வைத்த ஃபிளாஷ் ஒளியில் ஒரு சிறு பங்கு அதில் பட்டு மேலே திரும்பும். ஃபிளாஷின் முகத்தில் டிரேசிங் பேப்பர் ஒட்டிக்கொள்ள வேண்டும். செல்போனைக் கொண்டு இந்த ஃபிளாஷை இயக்க முடியாது, கேமரா வேண்டும். மிர்ரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் பெரும்பாலும் ஃபிளாஷை இயக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

ஃபிளாஷ் இல்லாதவர்கள் உயிரினத்தை மெதுவாக்கலாம். துளிக்குள் பிரித்த பஞ்சு நூல் சிலவற்றைப் போட்டால், அந்த நூல் காட்டுக்குள் பாரமீசியம் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும். தண்ணீரைக் கொழகொழப்பாக்கும் மீதைல் செல்லுலோஸ் கரைசலும் உதவும். கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் வாஸ்லின் களிம்பால் பொட்டு வைத்து மூடி, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு மூலையாக மெல்ல அழுத்தினால் உயிரினம் நசுங்காமல், அதே நேரம் ஓடவும் முடியாமல் இருக்கும். கை கொஞ்சம் கூடிவிட்டால் அது செத்துப்போகும். அழுத்தும்போது ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது.

விளக்கின் தரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. அதற்கு ஏற்ப நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். பவர் பேங்கில் எரியும் விளக்கில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. பழைய ஹாலஜன் விளக்கில் நிறம் நன்றாக இருக்கும், சூடும் நன்றாக இருக்கும். சித்திரை மாதத்து மதுரையில், கவர் ஸ்லிப்புக்கு அடியில் இருக்கும் அரைத் துளித் தண்ணீரை ஹாலஜன் எவ்வளவு வேகமாகச் சுடவைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் உயிரினம் தறிகெட்டு ஓடும், அப்புறம் சுருங்கும், அப்புறம் வெடிக்கும். அப்படி வெடிக்கும் நிலையில் எடுத்த படங்களை ‘நடத்தை’ என்று சொல்லிக் காட்டுவதைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. பார்க்காத நேரத்தில் விளக்கை அணைத்து வையுங்கள். ஓரத்தில் ஒரு சொட்டுக் கண்மாய்த் தண்ணீர் விடுங்கள்.

ஹைட்ரா, கொசுப் புழு, வளர்ந்த டாஃப்னியா போன்ற பெரிய ஆட்களுக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒளி வேண்டும். நகைப் பெட்டியில் வரும் கறுப்பு வெல்வெட் துணியை அடியில் விரித்து, மேலே சின்னக் கண்ணாடிக் கிண்ணம். இரண்டு விளக்குகளைத் தாழ்வாக இரு பக்கமும் வைத்தால் தண்ணீரின் மேற்பரப்பு மின்னி மறைக்காது. மேலிருந்து அடித்தால் விளக்கின் உருவமே தண்ணீரில் தெரியும்.

எந்த ஒளியில் எடுத்தது என்பதைப் படத்தின் கீழ் எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. நிக்கான் நிறுவனம் 1975 முதல் நடத்திவரும் நுண்ணோக்கிப் படப் போட்டியில் வெற்றி பெறும் ஒவ்வொரு படத்துடனும் ஒளியூட்டிய முறையைக் குறிப்பிடுகிறார்கள். நாமும் செய்யலாம். என் பழக்கம், எந்த உயிரினமாக இருந்தாலும் முதலில் பின்னொளியில் ஒரு சாதாரணப் படம், அப்புறம்தான் மற்றவை. அந்தச் சாதாரணப் படம்தான் பிறகு அடையாளம் காண உதவுகிறது.

மே மாதத்தில் கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கும்போது இதையெல்லாம் ஒரே உயிரில் செய்துபார்க்கலாம். மாடக்குளம் கண்மாயோ உங்கள் ஊர்க் கண்மாயோ, வெடிப்பின் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடிக் காய்ந்த மண். ஒரு தட்டில் போட்டு, குளோரின் இல்லாத தண்ணீர் ஊற்றி, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். மண்ணில் மொய்னா, டாஃப்னியாவின் உறங்கு முட்டைகள் சேணம் போன்ற தடித்த கூட்டுக்குள் வெயிலைத் தாங்கிக் கிடக்கும். மிதந்து வரும் அந்தப் பழுப்புச் சேணங்களில் ஒன்றை எடுத்து வெல்வெட்டின் மேல் பக்க ஒளியில் படம் எடுங்கள். மேற்பரப்பின் தேன்கூட்டு வேலைப்பாடு தெரியும். பின்னொளியில் அது வெறும் கறுப்பு. சில நாளில் தண்ணீரில் புள்ளிகள் துள்ளத் தொடங்கும். ஒரு குஞ்சை உறிஞ்சி எடுத்து, வாஸ்லின் பொட்டு வைத்த கவர் ஸ்லிப்புக்கு அடியில், கறுப்பு வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். முதுகுப் பக்கத்தில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், எண்ண முடியாத வேகத்தில் ஒரு சிறு பை துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் இதயம். படம் எடுத்துவிட்டு, கவர் ஸ்லிப்பைத் தட்டின் தண்ணீருக்குள் சாய்த்துவிட்டால் அது நீந்திப் போய்விடும்.